கடலடிக் கிணறும் கரையோரக் குடிசையும்

கடலில் எண்ணெய் கொட்டும்போதெல்லாம் ‘விபத்து’ என்ற சொல்லும் கூடவே வந்து சேர்ந்துவிடுகிறது. விபத்தென்றால் குற்றவாளி இல்லை. விதியை நொந்துகொண்டு அவரவர் வீட்டுக்குப் போகலாம். 2010 ஏப்ரல் 20ஆம் திகதி இரவு மெக்சிக்கோ வளைகுடாவில் ‘டீப்வோட்டர் ஹொரைசன்’ என்னும் துளையிடும் மேடை வெடித்து 11 தொழிலாளர் மாண்டபோதும் இச்சொல்லே எங்கும் ஒலித்தது. சிந்திக்கும் வாசகர் இதனை ஏற்க முடியுமா?

நடந்ததைப் பார்ப்போம். ஏறத்தாழ 1,500 மீற்றர் நீருக்கு அடியில் கடற்றரை. அதற்குங் கீழே மேலும் 4,000 மீற்றர் அளவில் துளைத்து எண்ணெயை எட்டியிருந்தனர். வேலை குறித்த காலத்துக்கு ஆறு வாரம் பிந்திவிட்டது. பிந்தும் ஒவ்வொரு நாளும் பி.பி. கம்பனிக்குப் பத்து இலட்சம் டொலர் அளவில் செலவு. ஆகவே கிணற்றை அடைத்துவிட்டு மேடையை அப்புறப்படுத்தும் அவசரம். கிணற்றுக் குழாயைச் சுற்றி இட்ட சீமெந்து சரியாகப் பிடித்ததா என்று சோதிப்பதற்கென ஒரு குழு மேடைக்கு வந்தேயிருந்தது. அச்சோதனை வேண்டியதில்லையென அன்று காலையே அவர்களைத் திருப்பி அனுப்பினர். பின்னர் செய்த அமுக்கச் சோதனை ஆபத்தைக் காட்டிற்று. அதற்கும் ஏதோவொரு விளக்கம் கண்டு திருப்தியடைந்தனர். இரவில் எரிவாயு பொங்கி எழுந்தது. இறுதிக் காவலாகக் கடலடியில் நிறுத்தியிருந்த அடைப்புப் பொறி கிணற்றை அடைக்கவில்லை. எண்ணெய் 87 நாள் பெருகிற்று. நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட குறைந்த கணக்கின்படியே கடலிற் கலந்தது ஏறத்தாழ 32 இலட்சம் பீப்பாய்.

இதில் விதியின் பங்கு எது? 2014இல் அமெரிக்க நீதிமன்றமே இதனைப் பாரதூரமான கவனயீனம் எனத் தீர்ப்பளித்தது.

அக்கிணற்றுக்குக் கம்பனி இட்ட பெயர் ‘மக்கொண்டோ’. கார்சியா மார்க்கேஸின் புகழ்பெற்ற நாவலில் வாழைத்தோட்டக் கம்பனி புகுந்த ஊரின் பெயர் அது. அந்த ஊரின் முடிவை அறிந்த இலக்கிய வாசகர் இப்பெயர்ப் பொருத்தத்தை எண்ணிக் கசப்போடு சிரிக்கலாம்.

கம்பனி அரசிடம் கையளித்திருந்த எண்ணெய்க் கசிவுத் திட்டமோ இதைவிட வேடிக்கையானது. வெப்பக் கடலாகிய அவ்வளைகுடாவிற் காக்கவேண்டிய உயிரினங்களுள் வடதுருவப் பனிக்கடலில் வாழும் வால்றசும் ஒன்றென அதில் எழுதியிருந்தனர். ஆலோசனை கேட்கவேண்டியவராகக் குறித்திருந்த ஆமை நிபுணர் முன்னரே காலமாகிவிட்டவர். வகுப்பில் இப்படியொரு விடைத்தாள் வந்தால் நாம் பூச்சியம் போடுவோம். அமெரிக்க அரசு அனுமதி போட்டது. போட்ட திணைக்களம் எது? எண்ணெய்க் கம்பனிகளிடம் உரிமப்பணம் வசூலித்த அதே திணைக்களம். வருமானத்துக்கும் பாதுகாப்புக்கும் ஒரே காவலாளி! விரிவான சூழல் மதிப்பீடு செய்யத் தேவையில்லையென 2009இல் அக்கிணற்றுக்கு விலக்கும் அளித்திருந்தது. பதினொருவர் மாண்ட பின்னரே அத்திணைக்களத்தைப் பிரித்தார்கள்.

துன்பம் எவர் தலையில் விழுந்தது? வளைகுடாவில் மத்திய அரசுக்குரிய கடற்பரப்பின் மூன்றிலொரு பங்குக்கு மேல் மீன்பிடிக்கத் தடை வந்தது. லூசியானாக் கரையில் இறால் பிடித்து வாழ்ந்தோருட் பலர் வியட்னாம் போரினால் அகதிகளாகி வந்தவர்கள். போர் ஒருமுறை, எண்ணெய் ஒருமுறை என இருதடவை பிழைப்பிழந்தனர். எண்ணெயைச் சிதறடிக்கவென்று ஏறத்தாழ 70 இலட்சம் லீற்றர் இரசாயனத்தைக் கொட்டினார்கள். நீர்மேற் படலம் புகைப்படத்திலிருந்து குறைந்தது. ஆழத்துப் பவளங்களையும் ஓங்கில்களின் நுரையீரலையும் ஆராய்ந்த விஞ்ஞானிகள் நோயையும் அழிவையும் கண்டனர்.

இது அமெரிக்காவின் கதை, நமக்கென்ன என்பாருமுளர். 2011இல் மன்னார்க் கடலில் எரிவாயு கண்ட இரு கிணறுகளுள் ‘பரகூடா’ என்பது 1,509 மீற்றர் ஆழ நீரில் துளைக்கப்பட்டது. மக்கொண்டோவின் ஆழமும் ஏறத்தாழ அதுவே. கண்டுபிடித்த கம்பனி 2015இல் விலகிற்று. ஆயினும் கடலைக் கட்டங்களாகப் பிரித்து முதலீட்டாளரை அழைக்கும் முயற்சி ஓய்ந்துவிடவில்லை. கடற்பசு மேயும் புற்படுகைகளும் பவளப்பார்களும் அவ்வளைகுடாவிலேயே உள்ளன. 2021ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த பெற்றோலிய அபிவிருத்தி அதிகாரசபையோ முதலீட்டை அழைப்பதையும் அகழ்வை ஒழுங்குபடுத்துவதையும் ஒருங்கே தன் பணியாகக் கொண்டிருக்கிறது. அமெரிக்கா பதினொரு பிணங்களின் பின் கைவிட்ட ஏற்பாட்டை நாம் கொள்கையாக வரித்துக்கொள்வதா?

2022இல் எரிபொருள் வரிசையில் இரவுபகலாய் நின்ற மக்களிடம் போய்க் கடற்பசுவைப் பற்றிப் பேசுவதா என நண்பர் சிலர் கேட்பர். கேள்வி நியாயமானது. ஆயின் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற கடற்றொழிலாளியே நாளை எண்ணெய் படிந்த வலையோடும் நிற்கப்போகிறவன். அவன் பெயரைச் சொல்லி அவன் கடலை ஏலத்தில் விடுவது எந்த வகை மக்கள்நேயம்? எரிவாயு எடுக்கவே கூடாதென்று நாம் கூறவில்லை. அழைக்கும் சபை வேறு, கண்காணிக்கும் சபை வேறு என்றாக வேண்டும். அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டுச் சட்டம் நட்டஈட்டுக்கு 7.5 கோடி டொலர் என வரம்பு கட்டியிருந்ததுபோல இங்கு எந்த வரம்பும் கட்டலாகாது. ஒப்பந்தமும் கசிவுத் திட்டமும் கையொப்பத்துக்கு முன்னரே தமிழிலும் சிங்களத்திலும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களின் கைக்கு வரவேண்டும். வாசித்து விளக்கும் வேலையை ஆசிரியராகிய நாம் பேசாலையிலும் சிலாவத்துறையிலும் தொடங்கலாம்.