தடித்த வளையம் வேண்டாம்

கையால் திருகும் தண்ணீர் வால்வு ஒழுகினால் என்ன செய்கிறோம்? தடித்த ரப்பர் வளையமாகப் பார்த்து வாங்கித் திணிக்கிறோம். இது தவறு என்பேன்.

'ஓ' வளையம் அமரும் பள்ளத்தில் சிறிது காலி இடம் தேவை. ரப்பரை அழுத்தினால் வடிவம் மாறும். கனஅளவு எளிதில் குறையாது. நீரின் அழுத்தமே வளையத்தை இடுக்கின் பக்கம் தள்ளி அடைப்பை இறுக்குகிறது. தடித்த வளையம் பள்ளத்தை நிரப்பிவிடும், திருகுவது கடினமாகும், வளையம் உராய்ந்து தேயும், மறுபடி ஒழுகும்.

பொருளையும் கவனியுங்கள். இ.பி.டி.எம். ரப்பர் நீருக்கு ஏற்றது; பெட்ரோலியக் கிரீஸ் பட்டாலோ உப்பிவிடும். சிலிகோன் கிரீஸே அதற்குப் பொருந்தும்.

1986 ஜனவரி 28-இல் சாலஞ்சர் விண்வெளி ஓடம் அழிந்து எழுவர் மாண்டனர். குளிரில் மீள்திறன் குன்றிய ரப்பர் வளையமே காரணம்!

நம் வீட்டில் நொடிக்கொரு துளி ஒழுகினால் நாளுக்கு 86,400 துளிகள். ஆகவே, மாணவர்களே, பள்ளத்தை அளந்த பிறகே கடைக்குப் போங்கள்.