இருமுற குதிரைக்கு முதல்ல வைக்கோலைப் பாருங்க

குதிரை இருமினாலே சளி என்று ஊசி போடுகிறார்கள். நம்ம ஆளுங்க கஷாயம் ஊத்துறாங்க. எனக்கு இரண்டுமே அவசரமாகத்தான் படுகிறது.

குதிரை சும்மா நிற்கும்போது விலாவைப் பார்த்து மூச்சை எண்ணுங்க. நிமிடத்துக்கு 8 முதல் 16 வரை இருக்கலாம். அப்புறம் தெர்மாமீட்டர் வையுங்க. காய்ச்சல் இல்லை, ஆனால் தீனி போட்டதும் இருமுது, மூச்சு விடும்போது வயிற்றை எக்குது என்றால் பெரும்பாலும் வைக்கோல் தூசியும் பூஞ்சணமும்தான் காரணம். மழையில் நனைந்த கட்டை உதறிப் பாருங்க, புகை மாதிரி கிளம்பும். நமக்கே தும்மல் வரும். அதை மாற்றாமல் ஊசியோ மூலிகையோ எதுவும் நிற்காது. நல்ல தீனியைத் தண்ணீரில் நனைத்துப் போடுங்க, கொட்டகையில் காற்று வரட்டும்.

காய்ச்சலும் தாடைக்கடியில் வீக்கமும் இருந்தால் தொற்று, தனியாகக் கட்டணும். மூக்கில் புண், பிசின் மாதிரி மஞ்சள் சளி, தோலில் உடைந்து வடியும் கட்டிகள் தெரிந்தால் கிளாண்டர்ஸ் ஆக இருக்கலாம். அது மனுஷனுக்கும் ஒட்டும். அங்கே கைவைத்தியம் பேசாதீங்க. 2009-ஆம் ஆண்டு கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டப்படி அரசுக்குச் சொல்லியே ஆகணும். ரத்தப் பரிசோதனைதான் உறுதி செய்யும். டாக்டர் வரும்வரை அந்தக் குதிரையின் தண்ணீர்த் தொட்டியில் வேறு எதுவும் வாய் வைக்கக் கூடாது.