டிஸ்க் பிரேக் மட்டும் போதுமா?

இங்கே ஒரு நண்பர், சித்தூர்க்காரர். தன்னோட முப்பது அடி டிராவல் டிரெய்லருக்கு டிஸ்க் பிரேக் மாட்டலாமான்னு கேட்டார். தாராளமா மாட்டலாம். ஆனா அதோட வேலை முடிஞ்சிடாதுங்கறதுதான் என் கட்சி.

இறக்கத்துல பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தா டிரம் சூடேறி விரியும். ஷூவை விட்டு விலகும். அப்புறம் எவ்வளவு மிதிச்சாலும் சரியா பிடிக்காது. டிஸ்க் காத்து பட சுத்தறதால சீக்கிரம் ஆறும். டிரெய்லர் டிரம்மை மின்சாரமே இயக்கும். டிஸ்குக்குத் தனியா ஹைட்ராலிக் பம்ப் வேணும். செலவுதான், ஆனா தகும்.

இருந்தாலும், பிரேக்கைச் சூடாக்காம இறக்கறது கியர்தான். திருமலையிலிருந்து இறங்கற பழைய பாதை 1944-ல திறந்தது. அத்தனை கொண்டை ஊசி வளைவுலயும் பழகின டிரைவர் சின்ன கியர்லதான் இறக்குவார். 'அதான் டிஸ்க் இருக்கே'ன்னு வேகமா இறங்கினா அதுவும் கருகும்.

நம்ம மொகிலி மலைப்பாதையில 2024 செப்டம்பர்ல பஸ்ஸும் லாரிகளும் மோதி எத்தனை உயிர் போச்சு! மலைச் சாலையில ஒருத்தர் வண்டி நிக்கலைன்னா, சாகறது அவர் மட்டுமில்லை. அதனால நண்பரே, பிரேக்கை மாத்துங்க. கூடவே பழக்கத்தையும் மாத்துங்க.