எல்லா மதமும் ஒன்றைத்தான் சொல்கிறதா?

"எல்லா மதமும் ஒன்றைத்தான் சொல்லுது" என்று மேடையில் ஒருவர் சொன்னால் கைதட்டல் நிச்சயம். மறுத்தால் மதவெறியர் என்ற பட்டமும் நிச்சயம். டெல்லியில் இது கிட்டத்தட்ட அரசாங்க வாக்கியம். எஸ்.பி. சவான் தலைமையிலான நாடாளுமன்றக் குழு 1999இல் சத்தியம், தர்மம், சாந்தி, அன்பு, அகிம்சை என ஐந்தையும் எல்லோருக்கும் பொதுவான விழுமியங்களாகப் பள்ளிகளுக்குப் பரிந்துரைத்தது. 2002இல் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அந்த அறிக்கையை எடுத்துக்காட்டியே புதிய கலைத்திட்டத்தை அனுமதித்தது. பட்டியலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காகிதத்தை விட்டு இறங்கியதும்தான் சிக்கல்.

செங்கோட்டைக்கு எதிரே, திகம்பர ஜைன லால் மந்திர் வளாகத்தில் பறவைகளுக்கென்று ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது. மாஞ்சா நூலில் சிறகு அறுபட்டு வரும் புறாக்களுக்கு அங்கே இலவச வைத்தியம். ஆனால் இறைச்சி தின்னும் பருந்தை உள்நோயாளியாகச் சேர்ப்பதில்லை என்பது அதன் நெடுநாள் வழக்கம். சேர்த்தால் கறி போட வேண்டும். கறிக்கு இன்னோர் உயிர் போக வேண்டும். வடக்கே வஜீராபாதில் நதீம் ஷெஹ்சாத், முகமது சவுத் என்ற சகோதரர்கள் அந்தப் பருந்துகளைத்தான் எடுத்து வளர்க்கிறார்கள், கொத்துக்கறி ஊட்டி. 2022இல் ஷௌனக் சென் எடுத்த ஆவணப்படத்தால் அவர்களை உலகமே அறியும். பருந்துக்கு இறைச்சி வீசுவது புண்ணியம் என்பது பழைய டெல்லி முஸ்லிம்களின் நம்பிக்கை. இரண்டு இடத்திலும் கருணை இருக்கிறது. ஒருவர் கருணை மற்றவருக்குப் பாவம். சவான் குழுவின் ஐந்து சொற்களில் எதை எடுத்துப் போட்டு இதைத் தீர்ப்பது?

"இதெல்லாம் சோற்றுப் பழக்கம், அடிப்படை ஒன்றுதான்" என்பார்கள். அடிப்படைக்கே போவோம். வள்ளுவர் கொல்லாமைக்கு முதலிடமும் பொய்யாமைக்கு அடுத்த இடமும் தந்தவர். குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்க்கும் இடம் கொடுத்தவர். ஜெர்மானியத் தத்துவவாதி காண்ட் 1797இல், கொலைகாரன் வாசலில் நின்று நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டாலும் பொய் சொல்லக் கூடாது என்று எழுதினார். வாய்மை, உயிர் இரண்டையுமே மதித்தவர்கள்தான் இருவரும். ஆனால் அந்த வாசலில் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். உள்ளே ஒளிந்திருப்பவனுக்கு அந்த வித்தியாசம்தான் உயிர்.

வேற்றுமையைக் கிளறினால் வெட்டுக்குத்தில் முடியாதா? 1947இன் பிரிவினைக் கலவரத்தையும் 1984இன் சீக்கியர் படுகொலையையும் கண்ட ஊரில் இந்தப் பயத்தை அலட்சியம் செய்ய முடியாது. ஆனால் ஒன்றுபோல இருப்பதால் பொறுத்துக்கொள்கிறேன் என்பவன், ஒன்றுபோல இல்லை என்று தெரியும் நாளில் என்ன செய்வான்? அந்தப் பறவை ஆஸ்பத்திரி இருக்கும் அதே சாந்தினி சவுக்கில் சீஸ்கஞ்ச் குருத்வாரா நிற்குமிடத்தில்தான் 1675இல் குரு தேக் பகதூரின் தலை வெட்டப்பட்டது. அடைக்கலம் கேட்டு வந்த காஷ்மீரப் பண்டிதர்களுக்காக உயிர் கொடுத்தார் என்கிறது சீக்கிய மரபு. பாரசீக ஏடுகள் வேறு காரணம் சொல்லும். சீக்கியர்கள் எதை அறமாகப் போற்றுகிறார்கள் என்பதே இங்கே கேள்வி. அந்தப் பண்டிதர்கள் அணியும் பூணூலைத்தான் குருநானக் சிறுவயதிலேயே மறுத்தார் என்பதும் அதே மரபுதான். தமக்கு உடன்பாடில்லாத நூலை இன்னொருவர் அணியும் உரிமைக்காகத் தலை கொடுத்தவரை, எல்லாம் ஒன்றே என்பதற்குச் சாட்சியாக மேடைதோறும் அழைக்கிறார்கள். எல்லாம் ஒன்றே என்று அவர் நினைத்திருந்தால், மதம் மாறச் சொன்னபோது மாறிவிட்டுப் போயிருக்கலாமே!