பக்கத்துலதான்... ஆனா டோக்கன் 84!

காய்ச்சலில் துவண்டு கிடக்கும் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி என்று போனில் தேடுகிறார் அம்மா. ‘ஒன்றரை கிலோமீட்டர், 6 நிமிடம்’ என்கிறது மேப். ஆட்டோவில் போய் இறங்கினால் கையில் தருவது 84-ம் நம்பர் டோக்கன். உள்ளே போயிருப்பதோ 31! மேப் பொய் சொல்லவில்லை. அது வாசல் வரைக்கும்தான் கணக்குப் போட்டது.

வாசலுக்குப் பிறகு என்ன என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 2003-ல் வெய் லுவோ, ஃபாஹுய் வாங் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் சிகாகோ வட்டாரத்துக்கு அதைப் போட்டுப் பார்த்தார்கள். முதலில் டாக்டர் பக்கமிருந்து: அரை மணி நேரத்தில் அவரிடம் வந்துவிடக்கூடியவர்கள் எத்தனை பேர்? அத்தனை பேருக்கும் அவரைப் பங்கு போட வேண்டும். பிறகு வீட்டுப் பக்கமிருந்து: அரை மணிக்குள் போய்ச் சேரக்கூடிய எல்லா டாக்டர்களின் பங்கையும் கூட்ட வேண்டும். அவ்வளவுதான்.

அந்த அம்மாவுக்கே போட்டுப் பார்க்கலாம். பக்கத்து கிளினிக்கில் ஒரு டாக்டர். அவரை நம்பி 10,000 பேர். எட்டு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு டாக்டர். அவருக்கு 2,000 பேர்தான். பத்தாயிரம் பேருக்கு இத்தனை டாக்டர் என்று பார்த்தால், பக்கத்து கிளினிக்கின் பங்கு 1, தூரத்து கிளினிக்கின் பங்கு 5. ஆக மொத்தம் 6.

காலை எட்டரை மணிக்கு ஸ்கூல் வேன்களும் ஆபீஸ் வண்டிகளும் ரோட்டை அடைக்கும்போது, அந்த எட்டு கிலோமீட்டரை அரை மணியில் கடக்க முடியாது. உடனே 6 என்பது 1 ஆகிவிடும். டாக்டர் லீவு போடவில்லை, கிளினிக்கை மூடவுமில்லை. டிராஃபிக் மட்டும்தான் மாறியது. வேடிக்கை என்னவென்றால், அந்தத் தூரத்து கிளினிக்குக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு இது லாபம். வெளியாட்கள் வர முடியாததால் அவர்களுடைய பங்கு கூடிவிடும்!

கணக்கில் ஓட்டையும் உண்டு. 29 நிமிட தூரத்தில் இருக்கும் வீடும் கிளினிக்குக்கு எதிர்வீடும் இதில் ஒன்றுதான். 31 நிமிடம் என்றால் டாக்டரே இல்லை என்றாகிவிடும். லுவோவே இன்னொருவருடன் சேர்ந்து 2009-ல் இதைத் திருத்தி, தூரம் கூடக்கூட மதிப்பைக் குறைத்தார்.

நம் நாட்டில் சமவெளியில் 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம், மலைப்பகுதியில் 20,000 பேருக்கு ஒன்று என்பது விதி. மலைப்பாதையின் சிரமத்தை யாரோ யோசித்திருக்கிறார்கள். எட்டரை மணி ரோடு மட்டும் அதில் இல்லை.

டோக்கனைப் பார்த்துவிட்டு, அந்த அம்மா ஆட்டோக்காரரிடம் கேட்கிறார்: “அந்த இன்னொரு கிளினிக்குக்குப் போக எவ்வளவு நேரமாகும்ணே?”

“ராத்திரின்னா கால் மணி நேரம்மா. இப்போ முக்கால் மணிக்குக் குறையாது.”