கனமான தோட்டா ஜெயிக்காது

பக்கத்து வீட்டுப் பையன் துப்பாக்கிப் போட்டிக்குப் பழகுறான். ட்ராப் பிரிவு. பறக்குற களிமண் தட்டை ரவைத் தோட்டாவால உடைக்கணும். நேத்து வரப்புல நிறுத்திக் கேட்டான், "பெரியப்பா, கனமான தோட்டாவா வாங்கிரட்டுமா? அடி பலமா விழும்ல?"

வேண்டாம்டா தம்பின்னேன். அவங்கப்பா பால் ஊத்துற காசுல தோட்டா வாங்குறவன் அவன்.

பலம்தான் ஜெயிக்கும்னு நினைக்கிறதே தப்புங்க. சர்வதேசப் போட்டி விதிப்படி ஒரு தோட்டாவுல ரவை 24 கிராம்தான். அதுக்கு மேல கனமா எடுத்துட்டுப் போனா செல்லாது. கனம் கூடினா உதையும் கூடும். பெரிய போட்டிகள்ல தகுதிச் சுற்றுக்கே 125 தட்டு. தோள் வலிச்சா கை தானா கூசும், குறி தவறும்.

கனத்தைவிட ரவையோட பருமனைப் பாக்கணும். நம்பர் ஏற ஏற ரவை பொடியாகும். ட்ராப்ல தட்டு நம்மளை விட்டு விலகி ஓடும். தூரம் போயும் வேகம் குறையாத ஏழரை நம்பர் சரி. ஸ்கீட் பிரிவுல தட்டு கிட்டத்துல குறுக்கே பறக்கும். அதுக்கு நல்லா விரியுற ஒன்பதாம் நம்பர்.

ஒரே தோட்டா எல்லாத் துப்பாக்கியிலயும் ஒரே மாதிரி விரியாது. பெட்டி பெட்டியா வாங்குறதுக்கு முன்னாடி, பயிற்சிக் களத்துல பெரிய காகிதத்துல சுட்டு, ரவை எங்கெங்க விழுதுன்னு எண்ணிப் பாக்கணும். ஒத்து வந்ததுலயே பழகி, அதையே போட்டிக்கும் எடுத்துட்டுப் போகணும்.

விதைநெல்லைக் கூடுதலா அள்ளி வீசினா விளைச்சல் கூடிருமா? மண்ணுக்கு ஏத்த விதை, துப்பாக்கிக்கு ஏத்த தோட்டா. அவ்வளவுதான்.