விளையாட்டுக்குக் கொடுப்போம், கொடிக்குக் கொடுக்க வேண்டாம்



தை பிறந்து உளுந்தும் பாசிப்பயறும் களத்துக்கு வந்து சேர்ந்துவிட்டால் கரிசல் காட்டில் வேலை குறைந்துவிடும். இளவட்டங்கள் சும்மா இருக்க மாட்டார்கள். கபடி, கைப்பந்து, கிரிக்கெட், ஹாக்கி என்று ஊருக்கு ஊர் போட்டிகள் தொடங்கிவிடும். அத்துடன் நம் கடைகளுக்கு நோட்டீசும் ரசீதுப் புத்தகமும் வரத் தொடங்கும். நூறோ, ஐந்நூறோ, ஆயிரமோ, அவரவர் சக்திக்கு ஏற்ப நாமும் எழுதிக் கொடுக்கிறோம். இது நேற்று இன்று வந்த வழக்கம் அல்ல. வியாபாரி கொடுக்காமல் நம் பக்கத்தில் எந்த ஊரிலும் பந்து உருண்டதில்லை.

அப்படிக் கொடுக்கும் பணம் இப்போது எதற்குப் போகிறது என்பதை நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

நாம் மொத்த வியாபாரத்தில் நாற்பது ஆண்டுகளைக் கடந்துவிட்டோம். முன்பெல்லாம் ஒரு கிராமத்திலிருந்து ஒரு நோட்டீஸ்தான் வரும். இன்று அதே கிராமத்திலிருந்து இரண்டு, மூன்று வருகின்றன. தெருவுக்கு ஒரு மன்றம். நோட்டீசில் ஆட்டக்காரர் படத்தைக் காணோம். ஒரு தலைவர் படம், ஒரு கட்சிக்காரர் படம், இரண்டு நிறப் பட்டை. பனியனின் நிறத்தைப் பார்த்தாலே எந்தத் தெருப் பையன் என்று சொல்லிவிடலாம். சென்ற ஆண்டு ஒரே ஊரிலிருந்து காலையில் ஒரு குழுவும் மாலையில் ஒரு குழுவும் நம் கடைக்கு வந்தன. இரண்டு பேரும் கேட்டது கபடிப் போட்டிக்குத்தான். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் நம் வாடிக்கைக்காரர்கள். ஆனால் காலையில் வந்த பிள்ளைகளின் போட்டியில் மாலையில் வந்த பிள்ளைகள் ஆட மாட்டார்களாம். கபடிக்கு எதிரணி வேண்டுமே என்று கேட்டோம். வெளியூரிலிருந்து "நம்மாட்கள்" வருகிறார்கள் என்றார்கள்.

சேர்ந்து ஆடிய மண்

கோவில்பட்டி என்றால் வெளியூர்க்காரர்கள் தீப்பெட்டி, கடலை மிட்டாய், ஹாக்கி என்று மூன்றைச் சொல்வார்கள். கடலை மிட்டாய்க்கு 2020ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஹாக்கிக்கு எந்த முத்திரையும் தேவைப்படவில்லை. கிருஷ்ணா நகர் செயற்கைப் புல்தரை மைதானத்தில் லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டிக்கு வடநாட்டு அணிகள் வந்து ஆடுகின்றன. 2022 மே மாதம் ஜூனியர் ஆண்களுக்கான தேசியப் போட்டியே இங்கு நடந்தது. அதே ஆண்டு ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேல் ஆடினார். அரியலூரிலிருந்து வந்து நம்மூர் விளையாட்டு விடுதியில் பயிற்சி பெற்ற கார்த்தியும் அந்த அணியில் இருந்தார். பல மாவட்டத்துப் பிள்ளைகள் ஒரே விடுதியில் உண்டு, உறங்கி, ஒரே மைதானத்தில் ஓடியதால் வந்த பலன் இது. பதினொரு பேரில் யாருக்குப் பந்தைத் தள்ள வேண்டும் என்பதை அவன் நிற்கும் இடம்தான் முடிவு செய்கிறது. அவன் பிறந்த தெரு முடிவு செய்தால் கோல் விழாது.

விளையாட்டு மட்டும் அல்ல. பக்கத்தில் இருக்கும் இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் விளாத்திகுளம் சுவாமிகளின் பாட்டுக்காக அலைந்தவர்கள். கி.ரா. கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தவர். அதனால் மாற்றுக் கட்சிக்காரர் அவரோடு உட்கார்ந்து இசை கேட்கவில்லை என்று யாரும் சொல்லக் கேட்டதில்லை. அக்காலத்தில் ஒரே பெஞ்சில் ஒருவர் காங்கிரஸ் பேசுவார், ஒருவர் திராவிடம் பேசுவார், ஒருவர் செங்கொடி பேசுவார். பேச்சு முற்றும். டீ ஆறிப்போகும். மறுநாள் அதே பெஞ்சுக்கு மூவரும் வருவார்கள்.

அந்தக் காலம் எல்லாம் பொற்காலம் என்று சொல்ல நாம் வரவில்லை. அதே டீக்கடையில் சிலருக்குத் தனிக் குவளை இருந்ததும், சில தெருப் பிள்ளைகள் ஊர்ப் பொட்டலில் கால் வைக்க முடியாமல் இருந்ததும் உண்மை. சேர்த்துக்கொள்ளாதவர்கள் தனி அணி கட்டினார்கள் என்றால் குற்றம் கட்டியவர்கள் மேல் இல்லை. ஆகவே பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும் என்பது நம் வாதம் அல்ல. எல்லோருக்கும் திறந்த ஒரு மைதானம் வேண்டும் என்பதுதான் நம் கோரிக்கை.

பெயர்கள் பட்ட பாடு

நல்ல எண்ணத்தில் வைத்த அடையாளமும் கொடியாக மாறினால் என்ன ஆகும் என்பதை நம் மண் ஒருமுறை கண்டிருக்கிறது. மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் தலைவர்கள் பெயரைச் சூட்டிய காலம் அது. 1986ல் நம் மாவட்டம் சிதம்பரனார் பெயரில்தான் பிறந்தது. திருநெல்வேலிக்குக் கட்டபொம்மன் பெயரும் விருதுநகருக்குக் காமராஜர் பெயரும் இருந்தன. 1997ல் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு போக்குவரத்துக் கழகம் அமைத்தபோது எதிர்ப்பு எழுந்து, மோதலாகி, பேருந்துகள் தாக்கப்பட்டன. முடிவில் அந்த ஆண்டே எல்லா மாவட்டங்களிலிருந்தும் எல்லாக் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை அரசு எடுத்துவிட்டது.

கட்டபொம்மனும் சுந்தரலிங்கமும் ஒரே படையில் நின்று வெள்ளையனை எதிர்த்தவர்கள். இருவரும் 1799ல் உயிர் நீத்தவர்கள். கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கயத்தாறு நமக்குக் கூப்பிடு தூரம். ஒன்றாகப் போரிட்டவர்களின் பெயர்களை நாம் இருநூறு ஆண்டு கழித்து எதிரெதிரே நிறுத்திவிட்டோம். கடைசியில் யார் பெயரும் இல்லாமல் போயிற்று. ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி. கப்பல் விட்டது எந்தத் தெருவுக்காக?

1995லும் 1997லும் நம் தென் மாவட்டங்களில் கடை வைத்திருந்தவர்களுக்கு மேலே விவரம் சொல்ல வேண்டியதில்லை. பஸ் ஓடாவிட்டால் கழுகுமலை, கயத்தாறு, எட்டயபுரம், பசுவந்தனை ஆட்கள் பஜாருக்கு வர முடியாது. வராவிட்டால் சில்லறைக் கடையில் விற்பனை இல்லை. சில்லறைக் கடையில் விற்பனை இல்லாவிட்டால் மொத்தக் கடைக்கு வசூல் இல்லை. சிட்டையில் நிற்கும் பாக்கிக்குச் சாதி தெரியாது. எல்லாப் பாக்கியும் சேர்ந்துதான் நிற்கும்.

கயிறும் மன்றமும்

இப்போது அந்த நிறம் பள்ளிப் பிள்ளைகளின் மணிக்கட்டுக்கு வந்துவிட்டது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடுக்க வேண்டும் என்று 2019லேயே கல்வித் துறையில் சுற்றறிக்கை வந்தது. அது நிலைக்கவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனைக் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதன்பின் அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு, மோதிரம் போன்ற அடையாளங்கள் பள்ளியில் கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது என்று அது பரிந்துரைத்தது. அந்தக் கயிறும் நம் போன்ற கடைகளில்தான் விற்கிறது என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

சினிமா ரசனையும் இப்படியே. ரசிகர் மன்றம் கட்சியாவது தமிழகத்துக்குப் புதிதல்ல. 1972ல் எம்.ஜி.ஆர். கட்சி தொடங்கியபோது அவர் மன்றங்கள்தாம் அதற்கு அடித்தளம். 2024 பிப்ரவரியில் நடிகர் விஜய் கட்சி அறிவித்தபோதும் அவருடைய மக்கள் இயக்கமே முன் நின்றது. கட்சி தொடங்குவது அவரவர் உரிமை. அதில் நமக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் படம் பார்க்க ஒரே வரிசையில் நின்ற இரண்டு பையன்கள் அதன்பின் ஒருவரை ஒருவர் வேறு கண்ணால் பார்க்கிறார்கள்.

ஊர் வளர்ந்து நகரமானால் இந்த வேற்றுமை கரைந்துவிடும் என்று நாம் நினைத்திருந்தோம். கிராமத்துத் தெருவை விட்டுப் புதுநகரில் வீடு கட்டியவர்கள் காலையில் ஒன்றாக நடைப்பயிற்சி போகிறார்கள். அதற்கு ஒரு வாட்ஸ்அப் குழு. தொடக்கத்தில் சர்க்கரை நோய்க்கு என்ன சாப்பிடலாம் என்று பேசுவார்கள். தேர்தல் வந்தால் ஒருவர் ஒரு படம் போடுவார், மற்றொருவர் பதில் போடுவார். பத்து நாளில் குழு இரண்டாகும். பிறகு நடையும் இரண்டு திசையில்.

பம்பாய் கற்ற பாடம்

இது நம் பக்கத்து நோய் மட்டும் அல்ல. பம்பாயில் வெள்ளையருக்கும் பார்சிகளுக்கும் 1892 முதல் நடந்த கிரிக்கெட் போட்டியில் 1907ல் இந்து அணியும் 1912ல் முஸ்லிம் அணியும் சேர்ந்தன. 1937ல் மற்ற மதத்தவருக்கு என்று ஐந்தாவது அணியும் வந்தது. மைதானம் நிரம்பி வழிந்தது. நல்ல வசூல். ஆனால் 1940ல் காந்தியடிகள் விளையாட்டில் மதப் பிரிவினை எதற்கு என்று கண்டித்தார். பலர் எதிர்ப்புக்குப் பின் 1946ல் அந்தப் போட்டியே நின்றுபோனது. பிற்பாடு மாநில வாரியாக ஆடும் ரஞ்சிக் கோப்பையே நிலைத்தது.

அந்த இந்து அணியில் பல்வங்கர் பாலு என்ற பெரிய பந்துவீச்சாளர் இருந்தார். ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர். 1911ல் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்காக நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தவர். அவருக்குக் கடைசிவரை தலைமைப் பதவி கொடுக்கவில்லை. அவர் தம்பி விட்டல்தான் 1923ல் தலைவரானார். மதத்தின் பெயரால் கட்டிய அணிக்குள்ளேயே சாதி இருந்தது. பிரித்துக்கொண்டே போனால் பிரிவுக்கு முடிவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

வியாபாரிக்கு ஏன் இந்த வம்பு?

"வந்தவனுக்கு ஐந்நூறு கொடுத்து அனுப்பினோமா, கடையைப் பார்த்தோமா என்று இருப்பதுதான் புத்திசாலித்தனம்" என்று பலர் சொல்வார்கள். அந்த அச்சம் நியாயமானதே. தனியொரு கடைக்காரர் மறுத்தால் அவர் பெயர் ஊரில் பேசப்படும். ஆகவே எல்லாப் பக்கத்துக்கும் கொடுத்துவிட்டு, நாம் யார் பக்கமும் இல்லை என்று ஆறுதல் கொள்கிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு பக்கக் கொடித் துணிக்கும் நம் கல்லாவிலிருந்து பணம் போயிருக்கிறது. நாளை அந்த இரண்டு கொடிகளும் பஸ் நிலையத்தில் மோதினால் முதலில் ஷட்டரை இறக்குபவர்களும் நாமே. கூலி கொடுத்துக் குழி வெட்டிய கதைதான்.

கொடுப்பதில் நம் முன்னோர் வேறு வழி காட்டியிருக்கிறார்கள். விருதுநகரில் 1889ல் க்ஷத்திரிய வித்யாசாலா பள்ளியைக் கட்டியது ஒரு சமூகத்து வணிகர்கள். மகமைப் பணமும் பெண்கள் வீடுதோறும் எடுத்து வைத்த பிடி அரிசியும்தான் அதைத் தாங்கின. பணம் கொடுத்தது ஒரு சமூகம். ஆனாலும் மற்றவர் பிள்ளைகளுக்கும் அங்கே இடம் வைத்தார்கள். காமராஜர் படித்த பள்ளி அது. உறவின்முறையாகக் கூடிப் பணம் சேர்த்தது தவறில்லை. சேர்த்த பணத்தின் வாசல் யாருக்குத் திறந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

சங்கம் செய்ய வேண்டியது

தனிக்கடை சொல்ல முடியாததைச் சங்கம் சொல்லலாம். வரும் மே 5 வணிகர் தினத்துக்கு முன் நம் சங்கங்கள் கூடி, கீழ்க்கண்டவற்றைத் தீர்மானமாக எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

1. விளையாட்டு நன்கொடை கேட்டு வரும் நோட்டீசில் சாதித் தலைவர் படமோ, கட்சிக்காரர் படமோ, சாதி நிறமோ இருந்தால் எந்தக் கடையும் கொடுப்பதில்லை. நம் சொந்தச் சாதி, நமக்கு வேண்டிய கட்சி என்றாலும் இதே விதிதான். அங்கே தளர்ந்தால் மற்ற இடத்தில் பேச நமக்கு வாய் இருக்காது.

2. ஊரில் எல்லாத் தெருவினரும் சேர்ந்த ஒரு குழு வந்தால், தெருவுக்குத் தெரு கொடுத்ததையெல்லாம் கூட்டி ஒரே தொகையாகத் தாராளமாகக் கொடுப்பது.

3. கூடியவரை ரொக்கத்துக்குப் பதில் பந்து, ஹாக்கி மட்டை, காலணி, வலை, குடிநீர், பரிசுக் கோப்பை என்று பொருளாகக் கொடுப்பது. மட்டையைக் கிழித்துப் பேனர் கட்ட முடியாது.

4. சாதி நிறக் கயிறுகளைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விற்பதில்லை. ஒரு கயிற்றில் கிடைக்கும் லாபம் நமக்குப் பெரிதல்ல.

5. கடை வாசலில் "விளையாட்டு நன்கொடைக்குச் சங்கத்தை அணுகவும்" என்று ஒரே மாதிரிப் பலகை வைப்பது. கேட்பவருக்கும் கோபம் வராது, கொடுப்பவருக்கும் சங்கடம் இருக்காது.

இதனால் மட்டும் சாதி ஒழிந்துவிடும் என்று நாம் கனவு காணவில்லை. சட்டமும் பள்ளியும் பெற்றோரும் செய்ய வேண்டிய வேலை மலை போல இருக்கிறது. நாம் செய்யக்கூடியது நம் கல்லாவைத் திறக்கும்போது ஒரு நிபந்தனை வைப்பது. எந்தத் தெருக்காரர் வந்தாலும் தராசில் ஒரே படிக்கல்லைத்தான் வைக்கிறோம். அதே படிக்கல்லை நன்கொடைக்கும் வைப்போம்.

சங்க நிர்வாகிகள் அடுத்த கூட்டத்திலேயே இதை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டுகிறோம். மாற்றுக் கருத்து உள்ளவர்களும் வந்து பேசட்டும். பேசி ஒரு முடிவுக்கு வருவோம்.